அமெரிக்க நடிகைக்குத் தமிழில் அழுதவர்

ஊமைப்பட நாட்களில், ராயப்பேட்டைக் கொட்டகை ஒன்றில் திரை ஓரமாக நின்று கதை சொல்லும் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, பெரிய மீசை. அமெரிக்க நடிகை அழும்போது மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டு, தகரக் குழாய் வழியே அவளுக்காகத் தமிழில் விம்முவார்.

அதே நடிகையின் பேசும்படம் வந்தது. முதல் காட்சி முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க பி.ஏ. உங்களுக்கே அந்தம்மா பேசுனது புரியலைன்னு மேனேஜராண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாங்காட்டி நாளைக்கு எனக்கு வேலை இல்ல. அஞ்சு புள்ளைங்க சார்."

உண்மையில் எனக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. சோபா வகுப்பில் வெள்ளைக்காரர்கள் சிரித்த இடங்களில் நானும் சிரித்து வைத்திருந்தேன். ஆனால் மேனேஜர் வந்து, "என்ன சார், இங்கிலீஷ் புரிஞ்சுதா?" என்று கேட்டபோது, மயிலாப்பூர் நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்றார்கள்.

"பேஷா!" என்றேன்.

மேனேஜர் போய்விட்டார். மீசைக்காரர் கோபிக்கவில்லை.

"கடைசில அழுதுகினே இன்னாவோ சொன்னாங்களே, அது இன்னா சார்? இத்தினி வருஷம் நானா எதையோ சொல்லிக்கினு இருந்தேன்."

அவள் என்ன சொன்னாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தகரக் குழாயில் சொன்னதெல்லாம் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.