சீர்த்தட்டுக்காகக் கழற்றிய சீட்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். ஹெல்மெட்டின் தாடைப்பட்டையை மாட்டாமல் வருகிறவனை கேட்டிலிருந்தே திருப்பி அனுப்புவேன். "வீட்ல புள்ளைங்க இருக்குல்ல?" என்று சாட்டையடி மாதிரி கேட்பேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலே எனக்கே வெட்கமாக இருக்கிறது.

என் மகளுக்கு ஏழு வயது. காரில் அவளுக்கென்று, பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் வைத்திருந்தேன். அதை எப்போது எடுக்கலாம் என்பதும் எனக்கு அத்துப்படி. காரின் சீட்டில் முதுகு ஒட்ட உட்கார்ந்தால் முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும். பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் வர வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். மாதம் ஒருமுறை உட்கார வைத்துப் பார்ப்பேன். ஒன்றுகூட இன்னும் சரியாக வரவில்லை.

ராயக்கோட்டையில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், சீர் கொண்டுபோக வேண்டும். அன்று காலை பெரியப்பாவும் பெரியம்மாவும் நம்ம காரிலேயே போகலாம் என்று வந்துவிட்டார்கள். பெரியப்பா முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் பெரியம்மா, மனைவி, மகள், போதாததற்குச் சீர்த்தட்டுகள். பூஸ்டர் சீட் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது படிக்கிற புள்ளைக்கு இன்னும் என்னத்துக்குடா தொட்டில்? கழட்டிப் போடு" என்றார் பெரியப்பா.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் மறு பேச்சில்லாமல் கழற்றி வராந்தாவில் போட்டேன். பெரியவர் மனசு கோணக் கூடாதாம். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று மகள் சொன்னதும், "கைக்கு அடியில விட்டுக்கோ கண்ணு" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அப்படிப் போடவே கூடாது என்பதும் எனக்குத் தெரியும். எவ்வளவு தெரிந்து என்ன பிரயோசனம், தூ!

சானமாவு காட்டில் சாலையோரம் யானை நின்றது. முன்னால் போன கார்க்காரன் படம் பிடிக்க நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டான். இடிக்காமல் சடாரென்று பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். பின்னால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், வாந்தி எடுத்தாள். அப்போதே ஓசூருக்குத் திருப்பியிருக்க வேண்டும். மனைவி திருப்பச் சொன்னாள். நல்ல நேரம் தப்பிவிடும் என்றார் பெரியப்பா. நான் ராயக்கோட்டைக்கே ஓட்டினேன்.

மண்டபத்தில் அவளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, தட்டேந்தி வரிசையில் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன். அந்தப் போட்டோவை என்னால் பார்க்க முடியவில்லை. பந்தி முடிந்த பிறகுதான் மனைவி அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிற்றின் குறுக்கே கன்றிச் சிவந்த கோடு.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்கு ஒன்றும் இல்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டிலருகே நான் மட்டும்தான். என் சட்டையில் தொழிற்சாலை அடையாள அட்டை இல்லாதது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன்.

"பெல்ட்டைக் கைக்கு அடியில போடச் சொன்னது யாரு?" என்று, பெல்ட் எப்படி இருந்தது என மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் என்னிடம்தான் கேட்டார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா வேணான்னுதான் சொன்னாரு. நான்தான் போட்டுக்கிட்டேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். அப்பா பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன்.