உமையாளின் அடுப்பு

மானகிரிச் சோணையம்மாள் பதினெட்டு வயதில் தாலியறுத்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டாள். 1931இல் அவளைக் கீழச்சிவல்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக்கு அழைத்தார்கள்.

செட்டியார் வீடுகளில் கல்யாணமான மகனுக்கு ஒரே கூரைக்குள் தனிச் சமையல். கணவன் ரங்கூனில் இருந்ததால், மருமகள் உமையாள் ஒருத்திக்கே ஓர் அடுப்பு. அது அணைந்ததா என்று நாளுக்கு நாற்பது தடவை ஓடிப் பார்ப்பாள். நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். பேய் என்று சொல்லிக் கோடாங்கி அடித்த பிரம்புத் தழும்பு முதுகில் இருந்தது.

பயப்படாதே என்று சொல்லாத ஒரே ஆள் சோணைதான். ஆறிய சாம்பலில் ஒரே ஒருமுறை கை வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள்.

"படபடப்பு ஏறும் ஆச்சி, பெறகு தானா எறங்கும். எறங்குற வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

நான்கு மாதத்தில் நாற்பது தடவை ஐந்து தடவையாகக் குறைந்தது. குணமாகிவிட்டது என்று மாமியார் சோணையை அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று சோணை கெஞ்சியது எடுபடவில்லை. ஊர் என்ன பேசும் என்ற பயத்துக்கு அந்த வீட்டில் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

தை மாதம் சோணை உமையாளைப் பார்க்கப் போனாள்.

"இப்ப அவ அடுப்புப் பக்கமே போறதில்ல" என்றார் மாமியார், பெருமையாக.

சோணை குனிந்து உமையாளின் அடுப்புக்குள் கையை விட்டாள். சாம்பல் இல்லை. விரலில் சிலந்தி வலை ஒட்டியது.

மூலையில் உமையாள் ஊறவைத்த அவலைத் தின்றுகொண்டிருந்தாள். மெலிந்த கையில் வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது.

"இப்பப் பயமே இல்ல சோணை" என்றாள்.