விண்வெளிப் பயணிகளுக்குக் கீரை வளர்த்த ரஹ்மத்துன்னிசா அம்மையார்

வியாழக்கிழமை காலை முதல் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, கடலூரிலிருந்து தொலைபேசி வந்ததாகக் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். பேசியவர் ரஹ்மத்துன்னிசா அம்மையாரின் தம்பி. விடியற்காலையில் நெஞ்சுவலி கண்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அம்மையார் காலமாகிவிட்டார். சிதம்பரத்தில் எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் விரிவுரையாளராக இருந்தவர் அவர். நான் வேதியியல் துறை. அவர் செய்த பெரிய காரியத்துக்கு உப்புக் கரைசல் கலக்கிக் கொடுத்தவன் என்ற பெருமையோடு இதை எழுதுகிறேன்.

அம்மையாரின் தந்தை கடலூரிலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், மனிதர் ஒருவர் முதன்முதலாகப் பூமியைச் சுற்றி வந்த செய்தி பத்திரிகையில் வந்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் ராக்கெட்டின் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அம்மையார் மட்டும், அந்த மனிதர் மேலே என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். குழாயில் அடைத்த கூழ் என்றேன்.

"எங்க அத்தா கப்பல்லேர்ந்து இறங்கி வந்தா, சோறு கேக்க மாட்டாங்க சார். கீரை இருக்கான்னுதான் கேப்பாங்க. கடலுக்கே அப்படின்னா, நாளைக்கு செவ்வாய் கிரகத்துக்கு வருசக்கணக்குல போறவங்க கூழை மட்டும் உறிஞ்சிக்கிட்டு எப்படி இருப்பாங்க?" என்றார்.

அன்று பிடித்துக்கொண்டது அவரை. பச்சையாகவே தின்னலாம், அடுப்பு வேண்டாம், சீக்கிரம் வளரும் என்பதால் லெட்டூஸ் கீரையைத் தேர்ந்தெடுத்து, உதகையிலிருந்து விதை வரவழைத்தார். விண்கலத்தில் மண்ணும் இராது, வெயிலும் இராது. ஆகவே மாடிப்படிக்குக் கீழிருந்த சாமான் அறையைக் கேட்டு வாங்கி, ஜன்னலை அடைத்து, டியூப்லைட் மாட்டினார். பீங்கான் தட்டுகளில் என் உப்புக் கரைசலை ஊற்றி அதில் செடிகளை நிறுத்தினார்.

குளிர்ப் பிரதேசத்துக் கீரை சிதம்பரத்து வெக்கையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் பயிர் தண்டு நீண்டு பூத்துக் கசந்துபோயிற்று. அடுத்தடுத்தவை நன்றாகக் கிளம்பி, நடுவிலை விரியும் சமயத்தில் ஓரம் கருகின. சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று எண்ணிக் கரைசலில் அதைக் கூட்டிப் பார்த்தேன். பயனில்லை. துறையில் சிரிக்க ஆரம்பித்தார்கள். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரப்போவதாகவும், அதற்குள் காட்டும்படியாக ஒன்றும் விளையாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

கதவோரத் தட்டில் மட்டும் கருகல் குறைவு என்பதை அம்மையார்தான் கவனித்தார். நாங்கள் போய் வரும்போதெல்லாம் அந்தத் தட்டுக்குக் காற்றுப் படும். உடனே தமக்கென்று வைத்திருந்த மேஜை விசிறியைச் செடிகளின் பக்கம் திருப்பினார்.

"காத்து ஓடலன்னா இலை தண்ணிய இழுக்க மாட்டேங்குது சார். தண்ணியே ஏறலன்னா நீங்க போட்ட சுண்ணாம்பு எப்படி ஏறும்?"

அதன்பிறகு அந்த அறையில் அவர் வியர்த்துக்கொண்டேதான் வேலை பார்த்தார்.

குழு வந்த அன்று அவர் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. கீரையை அறுத்துக் கழுவித் தட்டில் வைத்து, சாப்பிடச் சொன்னார். தலைவராக வந்த பெரியவர் ஓர் இலையை மென்றுவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அம்மையார் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே போனவர் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து இன்னோர் இலை கேட்டார். அந்த அறை நிலைத்தது. பக்கத்து அறையும் கிடைத்தது. பிறகு பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் அம்மையார் பேசியபோது, ராக்கெட் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

அவர் வளர்த்த கீரை விண்ணுக்குப் போகவில்லை. அதை அவர் குறையாக நினைத்ததுமில்லை.

சென்ற மாதம் பண்ருட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அவரைப் பேச அழைத்திருந்தார்கள். நானும் உடன் போனேன். நம் ஊர்க்காரர்களும் விண்வெளிக்கெல்லாம் போவார்களா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"போவாங்கம்மா. எப்ப கிளம்புனாலும் சாப்பாடு தயாரா இருக்கணும். அது நம்ம வேலை" என்றார் அம்மையார்.

பஸ் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண்கள் ஓடிவந்து, ஒரு முழுப் பலாப்பழத்தை அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்கள். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டிருந்ததால் அவரால் கையசைக்க முடியவில்லை. பஸ் திருப்பத்தில் திரும்பி அந்தப் பெண்கள் கண்ணிலிருந்து மறையும்வரை அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சிரித்த முகத்துக்கே விடை சொல்கிறோம். அம்மையீர், உங்களோடு வேலை பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். அமைதியாகப் போய் வாருங்கள்.