பீப்பாய் நிரம்பாத பினோ நுவார்

போன சனிக்கிழமை, இரவல் வாங்கிய ஓக் பீப்பாயைத் திருப்பிக் கொடுத்தேன். அதைத் தந்த வைன்காரர் மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்தார். வைன் வாசமே இல்லை.

"பீப்பாயில் ஏதும் பிழையா?"

"பீப்பாயில் ஒரு பிழையும் இல்லை. வைன்தான் போதவில்லை."

பீப்பாய் என்றால் விளிம்பு வரை நிரம்ப வேண்டும். அரைகுறையாக விட்டால் காற்றுப் பட்டு வைன் புளித்து வினாகிரியாகிவிடும். எனக்கு நிரம்பவில்லை. ஏன்? அந்தக் கதைதான் இந்த வாரம்.

மொன்றியல் நகரில், லாசாலில் அபார்ட்மெண்டில் இருக்கிறவளுக்கு எதற்குத் திராட்சைத் தோட்டம் என்று வீட்டில் எல்லாரும் கேட்டாயிற்று. தோட்டம் என்னுடையது இல்லை. மொன்றியலில் இருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், ஒரு சரிவில், மொனிக் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வைத்திருக்கும் ஆறு வரிசைக் கொடிகள். மண்ணைவிடக் கல் அதிகம். மண்வெட்டி போட்டால் பொறி பறக்கும். பினோ நுவார் என்ற இந்தக் கறுப்புத் திராட்சைக்கு அதுதான் பிடிக்கும் — தண்ணீர் தேங்காது, பகல் வெயிலைக் கல் பிடித்து வைத்திருக்கும். மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வருஷமும் வந்தது... சிவப்புத் தண்ணீர்.

மொனிக் வசந்தத்திலேயே சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் இப்படியென்றால், குளிருக்குக் கொடிகளைப் போர்த்த மாட்டேன்."

போர்த்தாவிட்டால் இங்கே பினோ நுவார் செத்துவிடும். மற்றவர்கள் மண் அணைத்து மூடுவார்கள். இந்தக் கல்லில் அணைக்க மண் எங்கே? தடித்த துணியைத்தான் விரிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தோட்டத்தின் கதை முடிந்தது.

ஆகவே ஓகஸ்டில் துணிந்தேன். குலைகளில் பாதியை வெட்டி எறிவது. நமது கோடை குறுகியது. கொடி எல்லாக் குலையையும் பழுக்க வைக்கப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாகப் பழுக்காது.

உதவிக்கு வந்தவர் சுமதி மச்சாள். மாமாவின் மகள். ஜான்-டலோன் சந்தையில் பழக்கடையில் வேலை. காரில் இருந்து இறங்கும்போதே நான் படபடவென்று விளக்கத் தொடங்கிவிட்டேன். கல், வெயில், சர்க்கரை, அமிலம்... கடைசியில், "பாதியை வெட்டுங்கோ மச்சாள்."

நான் ஒரு வரிசையை முடிக்குமுன் அவர் இரண்டை முடித்துவிட்டு வாளியுடன் வந்தார்.

"இஞ்ச பார் நிவே, நல்லதெல்லாம் எடுத்துப்போட்டன்."

வாளி நிறைய நிறம் பிடித்த குலைகள். கொடியில் தொங்கியதெல்லாம் பச்சை.

"மச்சாள்... கறுத்ததையோ வெட்டினீங்கள்?"

"வேற என்ன? பச்சையையோ வெட்டுறது?"

"ஓம். பிந்திப் பழுக்கிறதைத்தான் வெட்டவேணும்."

மச்சாள் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பழுத்ததை விட்டிட்டுக் காயைப் பிடுங்கி எறியிறவையை நான் எங்க கண்டன்? அதைச் சொல்லியிருக்கலாம். கல்லைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சாய்."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. நாள் முழுக்கக் கடையில் பழுத்ததை முன்னே அடுக்கி, காயைப் பின்னே தள்ளுகிற கை அது. அந்தக் கையிடம் "பாதி" என்று மட்டும் சொன்னால்? நீங்களே சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் விளக்குவோம், வேலைக்கு வேண்டிய ஒன்றைத் தவிர.

ஒக்ரோபரில் அறுவடை. நான்கு வரிசையில் சின்னச் சின்னக் குலைகள், கறுப்பாக, மெல்லிய தோலோடு, இனிப்பாக. மற்ற இரண்டு வரிசை? கடித்தால் கண் தானாக மூடியது. செயின்ட்-மிஷேலில் மச்சாள் வீட்டு பேஸ்மெண்டில் இரண்டையும் தனித்தனியாக நொதிக்க வைத்து வடித்தேன். நல்லதை அளந்தால் பீப்பாயில் முக்கால்கூட வராது.

"அந்தப் புளியனையும் விட்டு நிரப்பன்," என்றார் மச்சாள். "ஆருக்குத் தெரியப் போகுது?"

"குடிக்கப் போற மொனிக்குக்குத் தெரியும்."

"பீப்பாய் சும்மா கிடக்குதே..."

அதுதான் சோதனை. நிரம்பிய பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றால் நானும் ஒரு வைன்காரி மாதிரி இருந்திருப்பேன். கலக்கவில்லை. நல்லதை மட்டும் கண்ணாடிக் குடுவைகளில் கழுத்து வரை விட்டு அடைத்தேன்.

சனிக்கிழமை பீப்பாயைக் கொடுத்த கையோடு, ஒரு போத்தலையும் மச்சாளையும் ஏற்றிக்கொண்டு மொனிக் வீட்டுக்குப் போனேன். இளம் வைன். இன்னும் கரடுமுரடு. மொனிக் ஒரு மிடறு குடித்தார். ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தார். இன்னொரு மிடறு. எழுந்து கோட்டை மாட்டினார்.

"துணிச் சுருள் கொட்டகையில் இருக்கிறது. வெளிச்சம் போகுமுன் முடித்துவிடலாம், வாருங்கள்."

மூன்று பேருமாகப் போர்த்தினோம் — அந்தப் புளித்த இரண்டு வரிசையையும் சேர்த்து.

உள்ளே வந்து கை காய்ந்தபின் மச்சாளும் கொஞ்சம் ருசி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானோ?"

"குறைய வாறபடியாத்தான் மச்சாள் நல்லா வருது."

வைன் உலகில் எல்லாரும் சொல்வது அதைத்தான் — குறிப்பாக, வைன் குறைவாகக் கிடைத்தவர்கள்.