பின்சீட்டுக்கு ஒரு பிராது

எலக்ட்ரிக் வண்டி வாங்கப் போகிறவர்கள் பேட்டரியைப் பார்ப்பார்கள், மோட்டாரைப் பார்ப்பார்கள், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பார்கள். நான் பின்சீட்டைப் பார்த்தேன். அறுபத்தோரு வயதில், முதல்முதலாக எனக்கென்று ஒரு வண்டி வாங்க விருத்தாசலம் கடைவீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து, வரிசையாக நின்ற ஒன்பது வண்டிகளிலும் பின்னால் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

கடைக்காரர் நாலு வண்டி வரைக்கும் பொறுத்துக்கொண்டார்.

"அம்மா, வண்டிய யாருங்க ஓட்டப் போறது?"

"நான்தான்."

"அப்ப முன்னாடி உக்காந்து பாருங்கம்மா."

"முன்னாடி என்னா இருக்குது? ரெண்டு கைப்புடி, ஒரு பிரேக்கு. நீங்க கொஞ்சம் முன்னாடி உக்காருங்க. ஆள் இருந்தாத்தான் பின்னாடி எடம் எவ்ளோ மிஞ்சும்னு தெரியும்."

அந்த மனிதர் நல்லவர். ஒன்பது வண்டியிலும் முன்னால் உட்கார்ந்து காட்டினார். கடைசி இரண்டு வண்டிகளுக்கு நான் சொல்லாமலே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

முன்சீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பின்சீட்டைப் பற்றிக் கேளுங்கள், பாடமே எடுப்பேன். கல்யாணமான நாள் முதல் என் வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் நான். எந்த சீட்டு பத்தே நிமிஷத்தில் இடுப்பை வாங்கும், எந்தக் கம்பி தொடையில் கோடு போடும், கால் வைக்கிற கட்டை எவ்வளவு தாழ்ந்தால் முட்டி வலிக்கும், எல்லாம் உடம்பே சொல்லும். போதாதற்கு பழைய தொழில் புத்தி வேறு. சிராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சூளையிலிருந்து வருகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கிண்ணென்றால் நல்லது, டொப்பென்றால் உள்ளே விரிசல். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் கை சும்மா இருக்காது. கடையில் வண்டி வண்டியாகத் தட்டினேன். எல்லாம் பிளாஸ்டிக், ஒன்பதும் டொப்பென்றது. எங்கள் கம்பெனியாக இருந்தால் அத்தனையையும் உடைத்து ஓரமாகக் கொட்டியிருப்பேன்.

ஏழாவது வண்டியின் பின்சீட்டு அகலமாக, மெத்தென்று, முதுகுக்கு ஒரு சாய்மானத்தோடு இருந்தது. லைசென்ஸ் வேண்டாத மெதுவான ரகம். சைக்கிளில் முப்பது வருஷம் வேலைக்குப் போனவளுக்கு அந்த வேகம் போதும். நிறம்தான் மாம்பழ மஞ்சள். "இந்த சீட்டுல வேற கலரு இல்லீங்கம்மா, உங்க வயசுக்கு சாம்பக் கலரு காட்டட்டுங்களா?" என்றார். என் வயசுக்கு என்ன கலர் என்று நான் முடிவு செய்துகொள்கிறேன் என்று மஞ்சளையே எடுத்தேன்.

இத்தனை பாடும் என் வீட்டுக்காரருக்காக. அவர் ஸ்ரீமுஷ்ணம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். வாரம் பூராவும் ஊருக்காக ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்காக மொபெட் ஓட்டுவார். எங்கே போவோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் வயல் தொடங்குகிற இடம் வரைக்கும் போய், ஒரு கடையில் டீ குடித்து, சூடாக இருந்தால் வடை தின்று, திரும்பி வருவோம். ஒரு வேலையும் கிடையாது. சும்மா போய் சும்மா வருவதுதான் விசேஷம்.

போன வருஷம் கண் டாக்டர் அவருக்குப் பக்கப் பார்வை சுருங்கிவிட்டது, நேராக இருப்பது மட்டும்தான் தெரியும், இனி வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாளே இவர் மொபெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாட்டி, தலை சீவிக்கொள்வார். அப்புறம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏழு மணிக்கு சட்டையைக் கழற்றி மாட்டுவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்து ஓய்ந்துபோவார் என்று பயந்துதான் வண்டி வாங்கினேன்.

வண்டி வந்த அன்று, டிப்போவில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் பார்ப்பது போல மூன்று முறை சுற்றி வந்தார். டயரை உதைத்தார். நான் சாவியைத் திருப்பினேன்.

"ஸ்டார்ட் ஆவலியே."

"ஆயிடுச்சிங்க."

"சத்தம் எங்க?"

"இதுல சத்தமே வராதுங்க."

"சத்தமில்லாததெல்லாம் ஒரு வண்டியா? எதிர்ல வர்றவனுக்கு நாம வர்றது எப்படித் தெரியும்?"

"மாம்பழக் கலரு தெரியும். ஏறுங்க, பின்னாடி."

"நானா?" என்றார். கோயில் உண்டியலைத் திருடச் சொன்னது மாதிரி பார்த்தார். "இந்த ஊரே எனக்குப் பின்னாடிதான் உக்காந்து போச்சு. நான் ஒருத்தருக்கும் பின்னாடி உக்காந்ததில்ல."

அது பொய்யில்லை. எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரையே இவர்தான் ஓட்டினார். காரோடு வந்த டிரைவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் நான் மூன்று வாரம் கெஞ்சினேன், அதட்டினேன், வடை ஆசை காட்டினேன். நகரவில்லை.

நான் தனியாக ஓட்டினேன். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கைப்பிடியை லேசாக முறுக்கினால் போதும், யாரோ பின்னாலிருந்து அன்பாகத் தள்ளிவிடுகிற மாதிரி வண்டி போகிறது. முதல் நாள் மணிமுத்தாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் எனக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்த ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அதற்கும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நாற்காலி, நாற்காலியில் இவர். அத்தனை சிரிப்பும் இறங்கிப்போகும்.

கடைசியில் ஒரு காலையில் நேராக மணவாளநல்லூருக்கு, கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வண்டியை விட்டேன். எங்கள் பக்கத்தில் மனிதர்களிடம் தீராத வழக்கு அவரிடம்தான் போகும். ஊர், பேர், குறை எல்லாவற்றையும் தாளில் பிராதாக எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பார்கள். தீர்ந்ததும் மறுபடி வந்து வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிராது எழுதிக் கொடுக்கிறவர் பேனாவைத் திறந்து, "எதிரி யாருங்கம்மா?" என்றார்.

"வூட்டுக்காரருங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடிக்கிறாரா?"

"சேச்சே."

"குடியா?"

"டீதான் குடிப்பாரு."

"வேற எதுனா... பொம்பள வெவகாரம்?"

"இல்லீங்க. வண்டியில என் பின்னாடி உக்கார மாட்டேங்கிறாரு."

பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார், வெளியே நின்ற மஞ்சள் வண்டியைப் பார்த்தார், மறுபடி பேனாவைத் திறந்தார். "சாமிக்கும் இது புதுசா இருக்கும், எழுதிடுவோம்" என்றவர், நான் சொன்னதை அப்படியே எழுதினார். அதை முனியப்பரிடம் கட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி குதூகலமாக வீடு திரும்பினேன்.

இங்கேதான் நான் முட்டாளானேன். பிராது கட்டுவது எங்கள் ஊரில் விளையாட்டுக் காரியமில்லை. நகை திருடியவன் மேல் கட்டுவார்கள், நிலத்தை ஏமாற்றியவன் மேல் கட்டுவார்கள். உன் மேல் பிராது கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாலே ஆம்பிளைகளுக்குக் காய்ச்சல் வரும். புருஷன் மேலேயே பெண்டாட்டி கட்டினால் குடும்பம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று ஊர் நினைக்கும்? என்னைக் கோயிலில் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது. மறுநாள் மத்தியானம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் நாத்தனார், இவருக்கு மூத்தவர், பஸ் பிடித்து வந்து வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பி அப்படி என்னாம்மா பண்ணான்? இந்த வயசுல கொளஞ்சியப்பர்கிட்ட போற அளவுக்கு?"

"அண்ணி, உள்ள வாங்க, ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பிராது கட்டுவ?"

இவர் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "பிராதா? என் மேலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். சாமிக்குத் தெரிந்த பிறகு மறைத்து என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ. "ஒங்கப்பாவோட கொடைய பஸ்ஸுல தொலச்சேன்னு சொன்னேனே, அது தொலையல. கண்டக்டருக்குக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கினார். "போன தீவாளிக்கு நீ சுட்ட அதிரசம் கல்லாட்டம் இருந்துச்சு. நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு நாய்க்குப் போட்டேன்." இன்னும் யோசித்தார். "நாயும் திங்கல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு, அடுத்து என்ன வரும் என்று தம்பியின் வாயையே பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிராதில் என்ன எழுதினேன் என்பதைச் சொன்னேன்.

இவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"இதுக்கா? இந்த எழவு சீட்டுக்கா சாமி வரைக்கும் போன? எடு வண்டிய! இப்பவே போயி வாபஸ் வாங்கு!"

"நான் போயிட்டு வரேன்."

"நீ ஒண்டியா போனா வாங்க மாட்ட. ஒன்ன எனக்குத் தெரியும். நானும் வரேன், எடு!"

சொல்லிக்கொண்டே வந்தார், திட்டிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டார், ஏறி உட்கார்ந்தார். நாத்தனார் வாயைப் பிளந்தார். நான் கைப்பிடியை முறுக்கினேன். எங்கே நினைவு வந்து இறங்கிவிடப் போகிறாரோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனை வரைக்கும் திட்டினார். மெயின் ரோட்டில் ஏறியதும் பேச்சு பாதியில் நின்றது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "நிறுத்து" என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். என் முதுகெல்லாம் காதாக இருந்தது.

"முன்னாடி லாரி நிக்குது, ரைட்டுல ஏறு" என்றார்.

அப்புறம் விடவில்லை. பள்ளம், மாடு, ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஆடியது. மேட்டில் வண்டி திணறியபோது முன்னால் சாய்ந்து, "வா... வா... வா..." என்று அதைக் கெஞ்சினார். இறக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். "ரோட்டப் பாத்து ஓட்டு, சிரிக்காத" என்றவர் தானும் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

ஊர் தாண்டியதும் பேச்சு அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். சாய்மானத்தில் முதுகை வைத்து, தலையை முழுசாக இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறார், பிறகு முழுசாக அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்.

"இந்த எடத்துல இவ்ளோ கரும்பு இருக்குதா?"

"எப்பவும் இருக்குது. நீங்க பாத்ததில்லயா?"

"எங்க பாத்தேன்? ரோட்டத்தான் பாத்தேன்" என்றார்.

கோயிலில் பிராது எழுதுகிறவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எனக்குப் பின்னால் நின்றவரையும் கண்டுகொண்டார்.

"வாபஸ் வாங்க வந்தோம்" என்றேன்.

"நேத்துதானம்மா கட்டுனீங்க? அதுக்குள்ள கோரிக்க நெறவேறிடுச்சா?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன். இவர் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து மேஜையில் கையை ஊன்றினார்.

"வாபஸ் இல்லீங்க. அது அப்படியே கெடக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கறோம்."

"போட்டவங்களே வாபஸ் கேக்கறாங்களே ஐயா?"

"கேக்கட்டும்" என்றார். "எதிரி ஒத்துக்கலன்னு எழுதிக்குங்க."