மாமா டைவ் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

பொய் சொல்கிறவர்களில் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டவர்கள் 'தெரியுது' என்று சொல்கிறவர்கள். பதினாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதிப்பதும் நானேதான். பலகையில் கீழ் வரிசை மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் உட்கார்ந்தவர் படித்ததைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பிப்பார்கள், ஏதோ நான் மார்க் போட்டு ஃபெயிலாக்கிவிடப் போகிற மாதிரி. இவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிட்டு, "இப்ப படிங்க" என்பேன். இத்தனை கெட்டிக்காரியான நான், சொந்த அக்கா வீட்டுக்காரர் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். வேலை எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும், "மேலேயும் கீழேயுமாப் போகுது" என்பார். இருபத்தெட்டு வருஷமாக அதே பதில். கேட்டவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். ஆனால் தொழிலில் மன்னன். லிஃப்ட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நாலு மாடி போய்வந்தால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்த மாடியில் கதவு இழுக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியைத் தேடி, அதே ஆஸ்பத்திரியை மூன்று தடவை காரில் சுற்றி வந்தார். அக்கா ஜன்னலை இறக்கிப் போகிறவரிடம் வழி கேட்டுவிட்டாள். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டியதும் அவரிடம் சில புதுப் பழக்கங்கள் வந்தன. லிஃப்ட் மோட்டாரில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் போனில் படமெடுத்து, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். ஹோட்டலில் மெனு அட்டையைத் திறந்த கையோடு மூடிவிட்டு, "நீ சொல்றதையே எனக்கும் சொல்லிடு" என்று அக்காவிடம் சொல்வார். அக்கா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர்களுடைய ஒரே மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பேச்சுத் துணை தொலைக்காட்சிதான். ஒருநாள் நீச்சல் குளத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்கப் போவது. அதில் ஒரு விதி உண்டு: தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கருவி கெட்டால், ஒருவர் கணக்குத் தப்பினால், பக்கத்தில் இருப்பவர்தான் கதி.

மறுநாளே மாமாவும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். அதுவரை தண்ணீர் என்றால் வாளியோடு நிறுத்திக்கொண்டவர். மூன்று மாதம் தொப்பை குலுங்க நீச்சல் பழகினார். யாருக்காக என்று கேட்க வேண்டியதே இல்லை.

ஒரு வருஷத்தில் பதினோரு தடவை இருவரும் கடலில் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கீறல் விழுந்த டைவ் கம்ப்யூட்டரைக் கையில் கட்டிக்கொண்டுதான். பெயர்தான் கம்ப்யூட்டர், மணிக்கட்டில் கட்டும் கருவி அது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்று காட்டும். நிமிஷம் தாண்டிவிட்டால் நினைத்தவுடன் மேலே வர முடியாது. நடுவில் நின்று நின்றுதான் வர வேண்டும். அவசரப்பட்டால் உடம்பு படுத்துவிடும். இதையெல்லாம் மாமா ஆர்வமாகத்தான் எனக்கு விளக்கினார். "லிஃப்ட் மாதிரிதான். வேகமா மேல வந்தா ஆபத்து" என்றார்.

சொந்தமாக ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவானதும், "நீயும் வா, நீ நாலும் பார்த்து வாங்குறவ" என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கடை ஒரு நீள அறை. ஒரு பக்கம் ரப்பர் உடைகள் வரிசையாகத் தொங்கின. பின்னால் சிலிண்டரில் காற்றடைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. கடைக்காரம்மா பல வருஷம் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பழகியவர். குட்டையாக வெட்டிய தலைமுடி, கறாரான பேச்சு. வாசலோரம் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அந்தத் தொட்டிக்குள் முகத்தையும் கையையும் விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பார்.

மேசையில் துண்டு விரித்து மூன்றை வைத்தார். முதலாவது கைக்கடிகாரம் போலவே இருந்தது. எஃகு விளிம்பு, கலர் திரை, ஆபீஸுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். இரண்டாவது கொஞ்சம் பெரியது. மூன்றாவது கறுப்பு ரப்பரில் சோப்பு டப்பா அளவுக்குத் தடியாக, நாலே நாலு பெரிய எண்கள், அதுவும் கறுப்பு வெள்ளையில்.

மாமா மூன்றாவதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணாடியில் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏங்க, எண்ணெல்லாம் ரொம்பப் பொடிசா இருக்கே" என்றாள் அக்கா.

"தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத் தெரியும்மா. கிளாஸ்ல சொன்னாங்கல்ல."

இந்த இடத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீருக்குள் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் பொருளைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டித்தான் பெரிதாக்குகிறது. வயதான கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதுதானே வில்லங்கம்? எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். என் தொழிலே இதுதான். நானோ அந்த நேரத்தில் அந்த வார் நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைக்காரம்மா அதில் ஏதோ பட்டனை அழுத்திக் காட்டினார். "இப்ப பதினெட்டு மீட்டர்ல வச்சிருக்கேன். அம்பத்தாறு நிமிஷம் இருக்கலாம்னு சொல்லுது, பாத்துக்கங்க. மாஸ்க்கை மாட்டுங்க."

மாமா ஒரு கையால் மாஸ்க்கின் வாரைத் தலைக்குப் பின்னால் சரிசெய்தபோது, அந்த அம்மா அவர் மறு கையிலிருந்த கம்ப்யூட்டரை இன்னும் இரண்டு தடவை அழுத்தியதை நான் பார்த்தேன். மாமா குனிந்து முகத்தைத் தண்ணீரில் விட்டார். நிதானமாகப் பார்த்தார். தாடையில் தண்ணீர் சொட்ட நிமிர்ந்தார்.

"பளிச்சுன்னு தெரியுது. பதினெட்டு மீட்டர், அம்பத்தாறு நிமிஷம்."

கடைக்காரம்மா அதைக் கழற்றி அக்காவிடம் கொடுத்து, "நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்றார். அக்கா குனிந்தாள். நிமிர்ந்தவள் மாஸ்க்கைக் கழற்றாமலே சொன்னாள்:

"முப்பது மீட்டர். பதினாறு நிமிஷம்."

"கை பட்டு மாறியிருக்கும்" என்றார் மாமா.

"நான்தாங்க மாத்தினேன். எல்லாருக்கும் மாத்துவேன்" என்றார் கடைக்காரம்மா. குரலில் குத்தல் இல்லை.

அக்கா மாஸ்க்கைக் கழற்றினாள். மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். அவள் மனசு எதை எண்ணிக்கொண்டிருந்தது என்பது பேசத் தொடங்கியதும்தான் எனக்குப் புரிந்தது.

"கடலுக்குள்ள நான் நிமிஷம் எவ்வளவுன்னு கேக்கறப்பல்லாம் விரல்ல காட்டுவீங்களே. அது?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"நீ முதல்ல காட்டுவேல்ல. அதுல ரெண்டு குறைச்சுக் காட்டுவேன். நான் எப்பவும் உன்னைவிடக் கொஞ்சம் கீழதானே இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப பதினோரு தடவையும் நான் தனியாத்தான் போயிருக்கேன்" என்றாள்.

எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம். எனக்கு மாமா மேல் கோபம், அதைவிட என் மேல். அக்காவின் உயிர் ஒரு மனுஷனுடைய விரல் கணக்கில் தொங்கியிருக்கிறது. கண் பார்க்கும் தொழில் செய்கிற நான் ஹோட்டலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றோடு அக்கா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இருவருடைய பையையும் அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டாள். வகுப்பில் வேறு ஜோடி சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் சண்டை இல்லை, சமையல் நடந்தது, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

ஆறு வாரம் கழித்து, மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். நேராகப் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா என்னைக் கரையில நிறுத்திட்டு, உங்க அக்காவை யாரோ ஒருத்தனோட ஜோடி சேர்த்துடுவாங்கன்னு நினைச்சேன்."

"அந்த யாரோ ஒருத்தனுக்குக் கண்ணாவது தெரிஞ்சிருக்கும் மாமா" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் அப்படி. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அது சரிதான்" என்றார். அவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை, என்னவோ போலாகிவிட்டது.

கிட்டத்தில் வைத்துப் படிக்கிற அட்டையை அவர் கையில் கொடுத்து, கீழிருந்து ஆரம்பித்தேன். "இது?" "தெரியல." "இது?" "தெரியல." முதல் இரண்டும் பல்லைப் பிடுங்கி எடுத்த மாதிரி வந்தன. நாலாவதுக்கு மேல் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். ரெண்டேகால் பவர். சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் சட்டைப்பையிலிருந்து தன் வேலை அடையாள அட்டையை எடுத்தார். இரண்டு பக்கமும் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, உள்ளே வைத்துக்கொண்டார்.

அவருடைய மாஸ்க்கின் அடிப்பகுதியில் இரண்டு சின்ன லென்ஸ்களை ஒட்டிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு இருவருமாக அதே கடைக்குப் போனோம். அக்கா வர மறுத்துவிட்டாள். "உங்க கைல கட்டுறது, நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாமா மேசைக்குப் போனவுடன் சோப்பு டப்பாவைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே கடிகாரம் மினுங்கியது. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். தொட்டியில் குனிந்தார். கடைக்காரம்மா மூன்று தடவை எண்ணை மாற்றினார், மூன்று தடவையும் மாமா சரியாகச் சொன்னார். நாலாவது தடவை அந்த அம்மா ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி, "இங்க என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"அது தெரியல" என்றார் மாமா.

"அது பேட்டரி அளவு. கரையிலயே கண்ணாடி போட்டுப் பாத்துட்டு இறங்குங்க." சொல்லிக்கொண்டே பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். வேறு எதையும் காட்டவில்லை.

வீட்டில் அதை அக்கா முன்னால் வைத்து, "இதுல என்னால படிக்க முடியுது. வர்றியா இல்லையான்னு நீதான் சொல்லணும்" என்றாராம். இரண்டு நாள் கழித்து அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து இரண்டு பைகளையும் இறக்கினாள்.

அந்தப் பன்னிரண்டாவது தடவை நான் உடன் போகவில்லை. திரும்பி வந்த அன்று சாயங்காலம், ஈரத் தலையோடு என் கடைக்கு வந்து அக்காதான் சொன்னாள்.

கீழே போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் வழக்கம்போலக் கையைக் காட்டி, எத்தனை நிமிஷம் என்று கேட்டிருக்கிறாள். தன் கணக்கை முதலில் காட்டவில்லை, வேண்டுமென்றேதான். மாமா கம்ப்யூட்டரைப் பார்த்தார். கிட்டத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். நான் ஒட்டிய லென்ஸ் இரண்டுமே விளிம்பில் பெயர்ந்து, இடையில் தண்ணீர் புகுந்துவிட்டிருக்கிறது. அக்கா காத்திருந்தாள். ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிடுவார் என்றுதான் நினைத்தாளாம். அப்படிக் காட்டினால் அத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்றும் தீர்மானித்திருந்தாள்.

மாமா இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். பிறகு கம்ப்யூட்டர் கட்டிய கையை அப்படியே அவள் பக்கம் நீட்டினார்.

"நான் அந்தக் கையைப் பிடிச்சுப் படிச்சு, இருபதுன்னு காட்டினேன். அவரும் இருபதுன்னு திருப்பிக் காட்டினாரு. உடனே மேல போயிடலாம்னு கையைக் காட்டினேன், சரின்னாரு. கையை விடாமலே வந்தோம்" என்றாள் அக்கா.

லென்ஸைக் கழற்றி இன்னும் நன்றாக ஒட்டித் தருகிறேன், தப்பு என்னுடையதுதான் என்று நான் பதறிப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. முகத்தில் மாஸ்க் அழுத்திய வட்டம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

"மாஸ்க்குக்குள்ள அழுதா துடைச்சுக்கக்கூட முடியாதுடி" என்றாள்.