ஐந்துக்கு ஐந்து சரியாக இருந்தும்

சிதம்பரம் காய்கறிக் கடைத்தெருவில் என் பிக்கப்பிலிருந்து தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கடலூர் முதுநகரிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போய்ட்டாங்க. காலைல எழுப்புனேன், எழுந்திருக்கல." மீதிக் கூடைகளை யார் இறக்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

துறைமுகத்து மீனை பிக்கப்பில் ஏற்றிவந்த அக்காவை கடலூர்–சிதம்பரம் சாலையில் வண்டி ஓட்டும் உங்களில் பலருக்குத் தெரியும். கணவர் பக்கவாதத்தில் படுத்ததும், ஓட்டுநரை வைத்துக்கொள்ளச் சொன்ன உறவினர்களிடம், "வண்டி என்னோடது, கையும் என்னோடது" என்று சொல்லிவிட்டு அவரே ஓட்டத் தொடங்கினார்.

பழைய வண்டியை விற்று வேறொன்று வாங்கிய புதிதில் ஆலப்பாக்கத்தருகே அவருக்குப் பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்டெப்னியிலும் காற்றில்லை. பின்னால் வந்த நான் என்னுடையதைக் கொடுத்தேன். அவர் சக்கரத்திலும் என் சக்கரத்திலும் ஐந்து போல்ட் ஓட்டைதான். ஆனாலும் சக்கரம் போல்ட்டுகளில் ஏறவில்லை.

"என்னா தம்பி, அஞ்சுக்கு அஞ்சு சரியாத்தான இருக்கு?"

எனக்கும் விளங்கவில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் விளக்கினார். ஓட்டைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவை அமைந்த வட்டத்தின் அகலமும் நடுத்துளையும் வண்டிக்கு ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் சிறிதென்றால் சக்கரத்தை அடித்து ஏற்றிவிடலாம், ஆனால் நட்டு சரியாக உட்காராது, ஓட ஓடத் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடும். அக்கா கூச்சப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டார்.

இன்னொரு நாள் என் வண்டி பட்டறையில் இருந்ததால் அக்காவோடு சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போனேன். வழியில் நடவுக்குப் போகும் பெண்களோடு ஒரு பிக்கப் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கிப் போனார்.

"வேற வண்டி வீலாப்பா அது?"

"தெரிஞ்சவரு குடுத்தாரு. ஏறிடுச்சு."

"ஏறல. நீ ஏத்துற. நட்டு கோணலா உக்காந்திருக்கு பாரு."

பெண்கள் சத்தம் போட்டார்கள். "நடவுக்கு நேரமாச்சு. ஒன் வேலையப் பாத்துகினு போ."

"திட்டுங்க. ஆனா அந்த வண்டியில ஏறாதீங்க" என்று அக்கா வழியை மறித்து நின்றார். பிறகு மீன் பெட்டிகளை மரத்தடியில் இறக்கி, என்னைக் காவல் வைத்துவிட்டு, பெண்களைத் தன் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார். அவர் திரும்புவதற்குள் ஓட்டுநர் அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். இரண்டு போல்ட்டுகளில் நட்டு திருகி ஏறும் மரை நசுங்கிக் கிடந்தது. அவரும் பெட்டிகளை எங்களோடு சேர்ந்து ஏற்றினார்.

ஐஸ் உருகிவிட்டது. சந்தையில் பாதி மீனை வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. "அவுங்க நல்லபடியா போய்ச் சேந்தாங்கல்ல, வுடு" என்றார் அக்கா.

அக்காவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பிக்கப்புகள் வரிசையாக நின்றன. எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது.

நான் சண்டைக்கு அஞ்சுகிறவன். யார் வம்பும் வேண்டாமென்று ஒதுங்கிப் போகிறவன். இப்போது சாலையோரம் யாராவது சக்கரம் மாற்றினால் நிறுத்திக் கேட்கிறேன். போன வாரம் நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டும் ஆட்களை ஏற்றிவந்து, வழியில் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர், "ஒனக்கென்னா வந்துச்சு?" என்று முறைத்தார். குனிந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தன. அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அது கண்ணைவிட்டு மறையும்வரை நின்றேன்.